ஒன்பது இறாத்தல்

1935 பெப்ரவரி 15, வெள்ளி

நூற்று முப்பத்தொன்பது. போன வெள்ளியும் அதே. அதற்கு முந்திய வெள்ளியும் அதே.

அரிசிக்கடை ஹபீல் நானா ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனதும் கடைக்கதவைச் சாத்திவிடுவார்கள். எனக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அவர் மகள் றமீஸா கடைக்குப் பின்வீட்டில் இருக்கிறாள். அவளுடைய சின்னவள் ஹிதாயாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்று பேர். அரை மணி எழுத்து. பிறகு அரிசி மூடை நிறுக்கும் பலகைத் தராசில் நான் ஏறி நிற்பேன். றமீஸா படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்து முள்ளைப் பார்த்துச் சொல்லுவாள். போன வருடம் ஜனவரியில் முதன்முதல் ஏறியபோது நூற்று எண்பத்தெட்டு. ஒரு மூடை அரிசிகூட அவ்வளவு இல்லை.

"நாப்பத்தொம்பது இறாத்தல் கொறச்சி ஈக்கிறீங்க டீச்சர். போதும்தானே? இன்னம் என்னத்துக்கு?" என்றாள் றமீஸா.

இன்னும் ஒன்பது. யூன் பதினாறாம் திகதி அந்தோனியார் திருநாள். அதற்குள் நூற்று முப்பது ஆகவேண்டும். புசல்லாவைப் பக்கத்துச் சனமெல்லாம் அன்றைக்கு டவுனுக்குப் பூசைக்கு வரும். அவரும் வருவார். அவர் என்று மரியாதையாக எழுதுகிறேன், பார்! கிளறன்ஸ். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர். ஐந்து மாதம் எனக்குக் கடிதம் எழுதிவிட்டு, பெண் பார்க்க என்று வந்து, முன்னறையில் இருந்துகொண்டு என் அண்ணனிடம் சொன்னார்:

"பெண் நல்லவதான். ஆனா ரிக்‌ஷாக்காரன் இரட்டைக் கூலியெல்லோ கேப்பான்."

நான் தேத்தண்ணித் தட்டோடு கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அண்ணனும் சிரித்தார். அதைத்தான் மறக்க முடியவில்லை.

பெப்ரவரி 18, திங்கள்

காலையில் சீனி போடாத தேத்தண்ணி. பகலுக்குக் குரக்கன் மா ரொட்டி ஒன்று, கீரை. இரவு கஞ்சி. ஒரு வருடமாக இதுதான். முந்தி மேலே அம்பிட்டிய வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ரிக்‌ஷாவில் போவேன். இப்போது இறங்குவதும் நடை, ஏறுவதும் நடை. பள்ளி விட்டதும் குளத்தைச் சுற்றி ஒரு நடை.

டொரதி அண்ணி இன்று சோற்றுக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

"ஊரு என்ன பேசுது தெரியுமா யோசப்பின்? நாத்தனா சம்பளத்த வாங்கிக்கிட்டு அவளப் பட்டினி போடுறேனாம். கோயில்ல ஒருத்தி மொகத்துக்கு நேராவே கேக்குறா."

"சொல்றவங்க சொல்லட்டும் அண்ணி."

"ஒனக்கென்ன, நீ சொல்லிருவ. கேக்குறவ நானுல்ல?"

குண்டாக இருந்தபோது தின்கிறாள் என்றார்கள். இப்போது தின்னவில்லை என்கிறார்கள். என் வாய்க்கு எத்தனை காவற்காரர்கள்!

பெப்ரவரி 22, வெள்ளி

நூற்று முப்பத்தொன்பது.

மார்ச் 1, வெள்ளி

நூற்று முப்பத்தொன்பதரை. ஏறியிருக்கிறது! ஏழு நாள் குரக்கன் தின்று அரை இறாத்தல் ஏறியிருக்கிறது!

முதல் முப்பது இறாத்தல் தண்ணீராய்க் கரைந்தது. அப்போது கோபம் புதிது. அம்பிட்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் சொல்வேன். ரிக்‌ஷாக்காரன் — இரட்டை — கூலி. கால் தானாக ஏறும். இப்போது அதே வசனத்தைச் சொல்கிறேன், ஒன்றும் கிளம்பவில்லை. பதினாலு மாதம் தீட்டித் தீட்டிக் கத்தி தேய்ந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் இப்போது நானாகவும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். அவர் அன்றைக்குச் சொல்லாததையும் சொன்னதாக நினைத்துக்கொள்கிறேன். நேற்று, "கதிரைய உள்ளுக்கு எடுங்கோ, உடைஞ்சிடும்" என்று சொன்னதாக வைத்துக்கொண்டேன். ஏற்றம் முழுவதும் அது இழுத்துப் போனது. வீட்டுக்கு வந்தபின் வெட்கமாக இருந்தது. பொய்யான ஒரு அவமானத்தை எனக்கு நானே சமைத்துத் தின்கிறேன்.

மார்ச் 6, விபூதிப் புதன்

தபசு காலம் தொடங்கியது. நாற்பது நாளைக்கு எல்லாரும் என்னைப் போலத் தின்பார்கள். பூசை முடிந்து வாசலில் சாமி என்னைக் காட்டிப் பெண்கள் சபையிடம், "டீச்சரைப் பாருங்கள், இவருக்கு வருடம் முழுவதும் ஒருசந்தி நோன்புதான்" என்றார். பெண்கள் என்னைப் பக்தியோடு பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்று எடுத்திருப்பார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். றமீஸா ஒரு கிண்ணம் வட்டிலப்பம் அனுப்பியிருந்தாள், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டு அவித்தது. கொண்டுவந்த ஆள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்றேன். கரண்டி எடுக்கப் போகவில்லை. விரலால். கிண்ணத்தை வழித்து, விரலையும் நக்கி — முப்பத்தொரு வயது, கொன்வென்டில் படிப்பிக்கிற ஒரு பொம்பிளை!

பிறகு குளத்தை இரண்டு சுற்று. கால் கொப்புளம்.

மார்ச் 22, வெள்ளி

நூற்று முப்பத்தேழு. கடைசியாக முள் அசைந்தது. நான் தராசுப் பலகையிலேயே துள்ளினேன், றமீஸா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்:

"வாப்பா சென்னாரு, ஆத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு மலேரியாக் காய்ச்சலாம். மையித்து அடக்க ஆளில்லியாம். நீங்க மெலிஞ்சதப் பாத்து எங்கட சாச்சி கேக்குறா, டீச்சருக்கும் அந்தக் காய்ச்சலான்னு."

திரும்பிவரும் வழியில் நிவாரணக் கஞ்சி ஊற்றும் இடத்தைத் தாண்டினேன். குண்டசாலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்த சனம் சிரட்டையோடும் தகரத்தோடும் வரிசையில் நின்றது. ஒரு பொம்பிளை என்னைப் பார்த்து ஒதுங்கி வரிசையில் இடம் விட்டாள். பேசாமல் கையைக் காட்டினாள், நில்லுங்கள் என்று.

நான் ஓடாத குறையாக நடந்தேன்.

மார்ச் 28, வியாழன்

பள்ளிக்கூடத்து மதர் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடிதங்கள். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் எழுதியவை. "சயரோகம் உள்ள டீச்சரிடம் பிள்ளையை விடமாட்டோம்."

"எனக்கு ஒரு நோயும் இல்லை, மதர். நானாகத்தான் மெலிந்தேன்."

"ஏன்?"

என்ன சொல்ல? ரிக்‌ஷா என்று சொல்லவா?

"டாக்டரிடம் கடிதம் வாங்கி வாரும். அதுவரை வகுப்புக்கு வரவேண்டாம்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் போனபின் கதிரையைத் துடைக்கச் சொல்லியிருப்பாரோ? ஏன் இப்படி நினைக்கிறேன்?

ஏப்ரல் 2, செவ்வாய்

டாக்டர் முதுகைத் தட்டினார், இருமச் சொன்னார், மூச்சை இழுக்கச் சொன்னார். நெஞ்சு சுத்தம். முழங்கால் நோவு போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது. முந்தி ஆறு படி ஏறினால் அடைத்த மூச்சு இப்போது அடைக்கிறதா? இல்லை. "அப்படியென்றால் நல்லதுதானே செய்திருக்கிறீர். இத்தோடு நிற்பாட்டும்" என்று கடிதம் எழுதித் தந்தார்.

என்னை நல்லது செய்தவள் என்று சொன்ன முதல் ஆள் அவர். தெருவுக்கு வந்ததும் அழுகை வந்தது. நிற்பாட்டுவதா? இன்னும் ஏழு இருக்கிறதே.

ஏப்ரல் 9, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

டாக்டர் கடிதத்தைப் பார்த்து மதர் என்னைத் திரும்ப வகுப்புக்கு விட்டுவிட்டார். இன்று பள்ளியிலிருந்து நேரத்தோடு வந்தேன். அண்ணி அடுப்படியில் என் கஞ்சிச் சட்டிக்குள் முதற்பாலைப் பிழிந்துகொண்டிருந்தாள். கெட்டித் தேங்காய்ப்பால். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். தை கடைசியிலிருந்து என்றாள். தையிலிருந்து! நாலு வெள்ளி முள் அசையாமல் நின்றதற்கும், நான் இரவெல்லாம் என்னையே திட்டியதற்கும் காரணம் இவள்.

"அண்ணி, ஒங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?"

"நீ செத்துட்டா எங்க வூட்டு வாசல்லதான சவப்பெட்டி நிக்கும்? என்னயத்தான கேப்பாங்க?" என்று அவளும் கத்தினாள். "கண்ணாடியில பாத்தியா ஒன்னய? களுத்து எலும்புல தண்ணி நிக்கும்போல இருக்கு!"

சட்டியைத் தூக்கி வெளியே கொட்டினேன். நாய் வந்து நக்கியது. அரிசிக் கஞ்சி, தேங்காய்ப்பால். அந்த வரிசையில் எனக்கு இடம்விட்ட பொம்பிளையின் கையை அப்போதுதான் நினைத்தேன். கொட்டிய பிறகுதான்.

இரவு ஒன்றும் சாப்பிடவில்லை. அண்ணியும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வியாழன்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கஞ்சியைக் கொட்டியதைச் சொன்னேன். அண்ணியோடு பேசாமல் இருப்பதைச் சொன்னேன். சாமி பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவு ஒறுத்தலும் யாருக்காகச் செய்கிறாய், மகளே?"

"ஒரு ஆளுக்கு முன்னால நடந்து காட்டுறதுக்கு, சாமி."

தட்டிக்கு அப்பால் சாமி அசைந்து உட்கார்ந்தார். தபசு காலத் தொடக்கத்தில் என்னைப் புகழ்ந்தது நினைவுக்கு வந்திருக்கும்.

"அப்போ அது தபசு இல்லை. வெறும் பசி."

உயிர்த்த ஞாயிறன்று வயிறாரச் சாப்பிடவேண்டும் என்பதுதான் அவர் கொடுத்த அபராதம்.

சாப்பிடவில்லையென்றால் அது பாவமா? யாரிடம் கேட்பது?

மே 3, வெள்ளி

நூற்று முப்பத்துநான்கு. உயிர்த்த ஞாயிறன்று சாப்பிட்டேன், இரண்டு வாய்.

தலைமயிர் கொட்டுகிறது. மேற்கையில் தோல் தொங்குகிறது. உள்ளே இருந்தவள் போய்விட்டாள், சட்டை மட்டும் கொடியில் கிடக்கிறது. கைநீள ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

மே 24, வெள்ளி

நூற்று முப்பத்தொன்றரை. இரவில் இடியப்பம் கனவு காண்கிறேன். சொதியோடு.

யூன் 7, வெள்ளி

நூற்று முப்பது.

றமீஸா இரண்டு தரம் படிக்கல்லை எடுத்து வைத்துப் பார்த்தாள். சரியாக நூற்று முப்பது. "மாஷா அல்லாஹ், முடிஞ்சி டீச்சர்" என்றாள். ஹிதாயா கை தட்டியது.

நான் பலகையிலிருந்து இறங்கினேன். என்னவோ நடக்கும் என்று இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மழை தூறியது. பிற்பகல் மணிக்குப் பள்ளிக்கூடம் திரும்பி ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தேன்.

பரவாயில்லை. ஒன்பது நாளில் நடக்கும்.

அவருக்குச் சொல்லவேண்டிய வசனம் தயாராக இருக்கிறது. அவருக்கே கொஞ்சம் தொந்தி விழத் தொடங்கியிருந்தது அப்போது. இதற்குள் நன்றாக வைத்திருக்கும். சிரித்துக்கொண்டே சொல்லவேண்டும்: "என்ன கிளறன்ஸ், ரிக்‌ஷாக்காரன் இப்ப ஒங்ககிட்டத்தான் ரெட்டக் கூலி கேப்பான் போல?" கண்ணாடி முன் எத்தனை தரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். குரல் நடுங்காமல் வருகிறது.

யூன் 16, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

நீலப் பட்டு உடுத்துக்கொண்டு போனேன். பூசை முடிந்து அந்தோனியார் சுருவத்தைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவரும்போது வாசல் பக்கம் நின்று ஆண்கள் நிற்கும் இடமெல்லாம் பார்த்தேன். உருண்டைக் கன்னம், எண்ணெய் பூசி வாரிய தலை, வெள்ளைக் கோட்டு. காணவில்லை. வரவில்லைப்போலும் என்று நெஞ்சு இறங்கியது.

"டீச்சரெல்லோ?"

பின்னால் ஒரு ஆள். கண் மஞ்சள். தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோட்டு, கொழுவியில் தொங்குவதுபோல் தொங்கியது. யாரென்று தெரியவில்லை.

"என்னைத் தெரியேல்லையோ? கிளறன்ஸ். போன வருசம் கேகாலைப் பக்கம் றப்பர்த் தோட்டத்துக்கு மாத்தினவங்கள். மார்கழியில காய்ச்சல் பிடிச்சது. மூண்டு தரம் திரும்பித் திரும்பி."

நான் வாயைத் திறந்தேன். வசனம் நாக்கில் இருந்தது. தொந்தி இல்லை.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பதினேழு மாதமாக நான் காத்திருந்த பார்வை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"ஐயோ, உங்களுக்கும் காய்ச்சலோ? எவ்வளவு நாள் கிடந்தனீங்கள்?"

நான் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார்:

"கொயினா மருந்தை இடையில விடாதேங்கோ. கசக்கும்தான். நான் விட்டுத்தான் இப்பிடி ஆனனான்."

"இல்ல," என்றேன். "ஒழுங்காக் குடிச்சேன்."

யூன் 17, திங்கள்

இரக்கம். அவர் என்மேல் இரக்கப்பட்டார். உண்மையாகவே இரக்கப்பட்டார், நடிப்பில்லை. அதுக்கா நான் இவ்வளவும் — அந்த ஏத்தம், அந்தக் குரக்கன், ஒவ்வொரு வெள்ளியும் மூடை மாதிரி ஏறி நின்னது — ஐயோ, என்ன மடச்சி நான்!

யூலை 7, ஞாயிறு

கிளறன்ஸும் தாயும் வந்தார்கள். திருநாளன்று அண்ணி அந்தத் தாயோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது இதற்குத்தானா? அண்ணன் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார். எங்களை முன்னறையில் விட்டுவிட்டு எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

கிளறன்ஸுக்கு முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியிருந்தது. தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"அம்மா எல்லாம் சொன்னா. உங்களுக்குக் காய்ச்சல் இல்லையாம். எனக்காகத்தானே இப்பிடி மெலிஞ்சனீங்கள்?"

அண்ணி சொல்லியிருக்கிறாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது பொய்யல்லவா? பதினேழு மாதம் விடியும்போது இவருடைய முகம், படுக்கும்போது இவருடைய முகம். கட்டினவள்கூட ஒரு ஆம்பிளையை இத்தனை தரம் நினைத்திருக்கமாட்டாள்.

"ஆமா," என்றேன். "ஒங்களுக்காகத்தான்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. சந்தோசப்பட்டார்.

"கிளறன்ஸ், மொத தரம் வந்தப்ப ரிக்‌ஷாவப் பத்தி எங்கண்ணன்கிட்ட ஒன்னு சொன்னீங்களே. ஞாபகமிருக்கா?"

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"இல்லையே. என்ன ரிக்‌ஷா?"

எங்கோ ஒரு மூலையில் அவரும் அதை வைத்துக்கொண்டிருப்பார், வெட்கப்படுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் அதைச் சொன்ன அன்றே, தெருவிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் மட்டும் பொறுக்கி எடுத்து வந்து வளர்த்திருக்கிறேன்.

"ஒன்னுமில்ல. தேத்தண்ணி ஆறுது, குடிங்க. ஆனா இந்தக் கலியாணம் வேணாம்."

"ஏன்? நான் நோயாளி எண்டோ?"

"இல்ல."

வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. சொன்னாலும் அவருக்கு விளங்கியிருக்காது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

யூலை 8, திங்கள்

அண்ணன்: "வந்தவனையும் அனுப்பிட்டியா? அப்ப எதுக்குடி இவ்வளவு கூத்து?"

"அன்னைக்கி நீங்களும் சிரிச்சீங்க அண்ணே," என்றேன். என்றைக்கு என்று அவரும் கேட்டார்.

ஓகஸ்ட் 14, புதன்

ஐந்து வாரம் நடக்கவில்லை. பஸ்ஸில் போனேன், பஸ்ஸில் வந்தேன். பேக்கரிப் பாணும் சீனியும் தின்றேன், இடியப்பமும் சொதியும் தின்றேன். கனவில் இருந்த ருசி இல்லை. றமீஸா வீட்டுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க மட்டும் போகிறேன். எத்தனை இறாத்தல் ஏறியதோ தெரியாது. முழங்கால் திரும்ப நோகத் தொடங்கியிருக்கிறது.

இன்று மாலை பஸ் வர நேரமானது. நின்று நின்று சலித்து, நடக்கத் தொடங்கினேன். ஏற்றத்தில் பழக்கதோஷத்தில் ஒரு வசனம் தேடினேன். இல்லை. யார் முகமும் வரவில்லை. வெறும் ஏற்றம், வெறும் கால், மூச்சு. வெறுப்பு இருந்தபோது அது தூக்கிக்கொண்டு போனது. இன்று முழுப்பாரத்தையும் நானே சுமந்தேன். பாதியில் ஒரு கல்லில் உட்கார்ந்து இளைப்பாறினேன். முந்தி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அண்ணி வாசலில் நின்றாள்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டியா?"

"முழங்கால் நோவுது அண்ணி. வேற ஒன்னுமில்ல."

அவள் நம்பவில்லை. பிறகு, "கஞ்சியில பால் வுடட்டுமா?" என்று கேட்டாள். கேட்டாள், அதுவே பெரிது.

"கொஞ்சமா வுடுங்க," என்றேன்.

ஒக்டோபர் 12, சனி

கிளறன்ஸின் கலியாணக் கடிதம் வந்தது. பெண் கம்பளையாம். போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்த அண்ணி இன்றுதான் சொன்னாள், நல்ல பூசின உடம்பாம். நான் முந்தி இருந்ததுபோலவே. மாப்பிள்ளையின் தாய் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாளாம்: "காய்ச்சல் வருசத்தில எலும்பியளைக் கட்டி என்ன செய்யிறது? சதை பிடிச்ச பிள்ளையாத்தான் தேடினனாங்கள்."

நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. அண்ணி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்காததுபோல அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னேரம் தையற்காரி சின்னமுத்து பள்ளிக்கூடத்துக்கு உடுக்கும் வெள்ளை ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தாள். நாடாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு கேட்டாள்:

"ஒடம்புக்கு இறுக்கிப் புடிச்சித் தைக்கவா டீச்சரம்மா, இல்ல உள்ளுக்குத் துணி வுட்டுத் தைக்கவா? வுட்டாப் பின்னால பிரிச்சிக்கலாம்."

கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"வுட்டே தைங்க," என்றேன். "மூச்சு வாங்க எடம் இருக்கட்டும்."

அவள் அளவை வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.